எங்கள் வீதிக்கு வெள்ளம் வராது என்கிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

டித்வா என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? யேமனுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவில் அந்தப் பெயரில் ஒரு களப்பு இருக்கிறது. வெண்மணலும் நீலத் தண்ணீருமாக, படத்தில் பார்த்தாலே மனம் குளிரும் இடம். வட இந்து சமுத்திரத்துச் சூறாவளிகளுக்குப் பெயர் கொடுக்கும் நாடுகளின் வரிசையில் யேமன் கொடுத்த பெயர் அது. 2025 நவம்பர் இறுதியில் அந்தப் பெயரைச் சுமந்து வந்த சூறாவளி நம் தீவில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. உலக வங்கி கணக்கிட்ட நேரடிச் சேதம் மட்டும் 410 கோடி அமெரிக்க டொலர்!

மாவட்டங்களில் பண மதிப்பில் அதிகம் இழந்தது எது தெரியுமா? மாரி வந்தாலே வெள்ளத்தை எதிர்பார்த்திருக்கும் நம் கரையோரம் என்றுதானே நினைப்பீர்கள்? கண்டி! மலைநாட்டின் கண்டி! தண்ணீர் தாழ்ந்த இடத்துக்குத்தான் போகும், மேட்டில் இருப்பவனுக்கு என்ன பயம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பேச்சை ஒரே இரவில் மண்சரிவும் வெள்ளமும் சேர்ந்து அடித்துக்கொண்டு போயின.

அதனால்தான் காரைதீவிலும் மாளிகைக்காட்டிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வீடு வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். வெள்ளமே வராத வீதியில் இருக்கிற வீட்டுக்கு வெள்ளக் காப்புறுதி தேவையா? தேவை என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்லப் போனால் ஒன்றை ஒன்று மிஞ்சும் வியப்புகள் வருகின்றன.

அமெரிக்காவில் வெள்ள வலயத்தை வீடு வீடாக வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள் தெரியுமா? கோட்டுக்கு உள்ளே இருந்தால் அரச ஆதரவுள்ள வீட்டுக்கடனுக்கு வெள்ளக் காப்புறுதி கட்டாயம். வெளியே இருந்தால் உங்கள் விருப்பம். 1968இல் சட்டம் கொண்டுவந்து இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் வைத்திருக்கிறார்கள். 2017 ஓகஸ்டில் ஹார்வி சூறாவளி ஹூஸ்டன் நகரில் நாட்கணக்காக மழையைக் கொட்டியது. ஹூஸ்டன் அமைந்த ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் 150,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவற்றில் கோட்டுக்கு வெளியே இருந்தவை எத்தனை? மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்! வரைபடம் பாதுகாப்பு என்று சொன்ன வீடுகள்தான் அதிகம் நனைந்தன. 2024இல் ஹெலீன் சூறாவளி கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் ஆஷ்வில் என்ற மலைநகரைப் புரட்டிப் போட்டபோது, அந்தக் கவுண்டியில் வெள்ளக் காப்புறுதி வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

“நூறு வருட வெள்ளம்” என்பது நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது அல்ல என்று தெரியுமா? எந்த ஒரு வருடத்திலும் நூற்றுக்கு ஒரு வீதம் வாய்ப்புள்ள வெள்ளம் என்பதுதான் அதன் பொருள். போன வருடம் வந்தது இந்த வருடமும் வரலாம். தண்ணீருக்குப் பஞ்சாங்கம் கிடையாது. 25 வருட வீட்டுக்கடன் எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தக் கடன் கட்டி முடியும் முன் ஒருமுறையாவது அப்படி ஒரு வெள்ளம் வரும் வாய்ப்பைக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 22! ஐந்து வீட்டில் ஒன்றுக்கும் மேல்! இது வலயத்தின் விளிம்பில் இருக்கிற வீட்டின் கணக்கு. விளிம்புக்கு வெளியே வாய்ப்பு குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

நம் ஊருக்கு வருவோம். அமெரிக்கக்காரனுக்கு வலயம் காகிதத்தில் இருக்கிறது. நமக்கு அது மூத்தவர்களின் வாயில் இருக்கிறது. மேற்கே வயல் பக்கம், மாவடிப்பள்ளிப் பக்கம், கிட்டங்கித் தாம்போதிப் பக்கம் வெள்ளம் வரும். கிழக்கே கடற்கரைப் பக்கம் மணல்தரை, எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் உறிஞ்சிப் போகும். இதுதான் நாம் கேட்டு வளர்ந்த வரைபடம். இதில் நிறைய உண்மை இருக்கிறது. மணற்திட்டு மழைநீரை உண்மையிலேயே வேகமாக உள்ளே இழுக்கும். ஆனால் மழைவெள்ளம் நிற்காத அந்த மணற்பக்கத்து வீடுகள்தான் 2004 டிசம்பர் 26 காலையில் கடலுக்கு முதலில் அகப்பட்டன. இலங்கையிலேயே சுனாமிக்கு அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்தக் கணக்கு 10,000ஐத் தாண்டியது. நம் ஊரின் “வெள்ளம் வராத பக்கம்” எது என்று இனி யாராவது கேட்டால், எந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

மழை நம் வளவில் பெய்தால்தான் வெள்ளம் வரும் என்றும் இல்லை, தெரியுமா? இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து 1950களின் தொடக்கத்தில் எழுந்த சேனாநாயக்க சமுத்திரம், இலங்கையின் மாபெரும் நீர்த்தேக்கங்களில் ஒன்று. கிட்டத்தட்ட 95 கோடி கன மீற்றர் தண்ணீரைத் தாங்கக்கூடியது! ஒரு கன மீற்றர் தண்ணீரின் நிறை ஒரு தொன். அதன் வான்கதவு திறந்தாலோ, மேற்கே சின்னக் குளங்கள் நிரம்பி வழிந்தாலோ, அந்தத் தண்ணீர் முழுவதும் வயல்வெளியைத் தாண்டி நம் கரையோரத்தின் ஒடுங்கிய முகத்துவாரங்கள் வழியாகத்தான் கடலைப் பார்க்க வேண்டும். முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தால்? வெட்டிவிடும் வரை தண்ணீர் ஊருக்குள் வழி தேடும். அந்த நேரம் உங்கள் வீட்டு வானம் வெளுத்துக்கூட இருக்கலாம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. சாய்ந்தமருதுத் தோணாவின் இருபக்கமும், கல்முனைக்கு மேற்கே கரைவாகு வட்டையின் விளிம்பும் நம் கண்முன்னே எப்படி மாறியிருக்கின்றன பாருங்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருங்கிப்போன ஊர்கள் இவை. பிள்ளைகளுக்கு வீடு கட்டக் காணி இல்லை. அதனால் பள்ளக்காணியில் கிறவல் கொட்டி, வீதியை விட உயர்த்தி, வீடு எழுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பள்ளத்தில் வருடா வருடம் தங்கிய தண்ணீர் இப்போது எங்கே போகும்? ஐம்பது வருடமாகத் தண்ணீர் பாராத பக்கத்து வீட்டு வாசலுக்குத்தான் போகும். பழைய வீட்டின் தரை பழைய உயரத்திலேயே இருக்கிறது. வீதியோ ஒவ்வொரு முறை கொங்கிரீட் போடும்போதும் கொஞ்சம் உயர்கிறது. வடிகான் அடைத்துக் கிடக்கிறது. வெள்ளம் வராத வீதி வெள்ளம் வரும் வீதியாக மாறுவதற்குச் சூறாவளியே தேவையில்லை. நாலு வளவு நிரப்பினால் போதும்.

ஓடும் தண்ணீரின் பலம் தெரியுமா? 15 சென்ரிமீற்றர் ஆழம், அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே, வேகமாக ஓடினால் வளர்ந்த ஆளையே விழுத்தும். 30 சென்ரிமீற்றர் சின்னக் காரை மிதக்க வைக்கும். 60 சென்ரிமீற்றர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, காரைதீவு – அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போன உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றதை இந்தக் கரையில் யாரும் மறக்க முடியாது. நமக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த வீதி அது. காப்புறுதி எந்தப் பிள்ளையையும் திருப்பித் தராது. அதனால் வீட்டுக் காப்புறுதி பற்றிய இந்தப் பேச்சில் முதல் வரி எப்போதும் இதுதான்: தண்ணீர் ஏறினால் வீட்டை விட்டுவிட்டுப் புறப்படுங்கள். விட்டுவிட்டுப் போக மனம் துணிய வேண்டும் என்றால், வீட்டுக்கு ஒரு பொறுப்பாளி இருப்பது எவ்வளவு பெரிய உதவி!

நெல்லுக்குக் காப்புறுதி செய்த முன்னோடிகளில் நாமும் இருக்கிறோம் என்று தெரியுமா? 1958இலேயே இலங்கையில் பயிர்க் காப்புறுதி சோதனை முயற்சியாகத் தொடங்கிவிட்டது. வளர்முக நாடுகளில் மிக முந்திய முயற்சிகளில் ஒன்று அது. 1961இல் சட்டமாயிற்று. இன்று கமத்தொழில், கமநல காப்புறுதிச் சபை என்ற பெயரில் இயங்குகிறது. அம்பாறையில் பெரும்போகம் செய்கிறவர்களுக்கு வெள்ளத்தில் அழிந்த வயலுக்கு இழப்பீடு கேட்பது புதிய விஷயமே இல்லை. விண்ணப்பம், கள உத்தியோகத்தர், பரிசோதனை, அலைச்சல் எல்லாம் அத்துபடி. மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் காப்புறுதி இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. அப்படியானால் ஒரு ஆச்சரியத்தை யோசித்துப் பாருங்கள். நாலு மாதத்தில் அறுவடையாகும் நெல்லுக்கும், விலை குறைந்துகொண்டே போகும் வாகனத்துக்கும் காப்புறுதி உண்டு. ஆயுள் முழுக்கச் சேர்த்துக் கட்டிய கல்வீட்டுக்கு? இல்லை! நாட்டில் ஒரு வருடத்தில் செலுத்தப்படும் எல்லாக் காப்புறுதிக் கட்டுப்பணத்தையும் கூட்டினாலும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

அரசாங்கம் ஒருகாலம் உங்கள் வீட்டுக்கே காப்புறுதி எடுத்திருந்தது, தெரியுமா? தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016இல் ஓர் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டிலுள்ள வீடுகளுக்கும் சிறு வியாபாரங்களுக்கும் கட்டுப்பணத்தை அரசே கட்டும். வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபாய் வரை. அந்த வருடம் மே மாதத்திலேயே ரொவானு சூறாவளி வந்து களனி கங்கை பெருகி, அரநாயக்கவில் மலை சரிந்தது. இப்படியொரு திட்டம் இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரியும்.

டித்வாவுக்குப் பிறகும் அரசு பெரிய தொகைகளை அறிவித்தது. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாய், முழுதாய் அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் வரை. பிறகு எதற்கு நான் காசு கட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம். பதில் இதுதான். நாடே அழுத அனர்த்தத்துக்கு அந்த அறிவிப்பு வந்தது. உங்கள் குறுக்குவீதி வடிகான் மட்டும் உடைந்து, இருபது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தால் எந்த ஜனாதிபதி அறிவிப்பார்? கிராம உத்தியோகத்தர் வந்து பெயர் எழுதுவார். சமைத்த உணவு வரும், உலர் உணவு வரும். டைல்ஸ் பெயர்ந்த தரைக்கும், வயர் எரிந்த சுவருக்கும், ஊறிப்போன அலுமாரிக்கும் யார் பொறுப்பு? வலயத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு வருகிற வெள்ளம் பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன வெள்ளம்தான். செய்தியில் வராது. ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்க அது போதும். அமெரிக்க அனர்த்த முகாமைத்துவ நிறுவனம் சொல்லும் கணக்கு: ஒரே ஓர் அங்குலத் தண்ணீர் ஒரு வீட்டுக்குள் 25,000 டொலர் வரை சேதம் செய்யலாம். நம் சீமெந்துத் தரை காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் இப்போது நம் வீடுகளில் பலகையா இருக்கிறது? அழுத்திய தூளில் செய்த கதவும் கட்டிலும் சமையலறை அலுமாரியும் ஒரு இரவு தண்ணீரில் நின்றால் ஊதிப்போகும்.

தனியார் கம்பனிகள் வெள்ளத்துக்குப் பயந்து ஓடிய கதை தெரியுமா? 1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்த பிறகு அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகள் வெள்ளம் என்ற சொல்லையே ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டன. 1953இல் வடகடல் பொங்கி நெதர்லாந்தை மூழ்கடித்த பிறகு அந்த நாட்டுக் கம்பனிகளும் அப்படியே. காரணம் எளிது. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் மட்டும் வாங்கினால் எல்லோரும் ஒரே நாளில் இழப்பீடு கேட்பார்கள். மேட்டில் இருப்பவர்களும் சேர்ந்தால்தான் அந்தப் பானை நிரம்பும். இதைப் புரிந்துகொண்ட பிரான்ஸ் 1982இல் சட்டம் போட்டது: எந்த வீட்டுக் காப்புறுதி எடுத்தாலும் இயற்கை அனர்த்தம் தானாகவே உள்ளே. ஆற்றங்கரை வீட்டுக்கும் மலை வீட்டுக்கும் ஒரே வீத மேலதிகக் கட்டணம்! பக்கத்து இந்தியாவில் 2021 ஏப்ரலில் இருந்து பாரத் கிருஹ ரக்ஷா என்று ஒரே மாதிரியான வீட்டுக் காப்புறுதியை எல்லாப் பொதுக் காப்புறுதிக் கம்பனிகளும் விற்க வேண்டும். அதில் வெள்ளமும் சூறாவளியும் முதலிலேயே அடங்கிவிடும். தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

நம் நாட்டில்? இங்கேதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்! நம்முடைய வீட்டுக் காப்புறுதி அடிப்படையில் தீக் காப்புறுதி. தீயும் மின்னலும்தான் அதன் அத்திவாரம். சூறாவளி, புயல், வெள்ளம் என்பவை மேலதிகமாகச் சேர்க்கப்படும் ஆபத்துகள். பல கம்பனிகள் இப்போது எல்லாவற்றையும் ஒரே பொதியாகவே விற்கின்றன. ஆனாலும் சேர்த்தார்களா இல்லையா என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

மாளிகைக்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா, வங்கிக் கடனில் வீட்டைப் பிளேட் போட்டு முடித்தவர். காப்புறுதி பற்றிக் கதைத்தபோது, “பேங்குல எல்லாம் போட்டுத்தானே தந்தாங்க, இன்னம் என்னத்துக்கு?” என்றார். அலுமாரிக்குள் இருந்த பத்திரத்தை எடுக்கச் சொன்னேன். பொலித்தீன் உறைக்குள் நாலாக மடித்து, உறுதிக்குக் கீழே வைத்திருந்தார். முதல் பக்கத்தில் வங்கியின் பெயர், அவருடைய பெயர், முகவரி. இரண்டாம் பக்கத்தில் ஒரு அட்டவணை. தீ, மின்னல் என்ற வரிகளுக்கு எதிரே “உள்ளடக்கம்” என்று அடித்திருந்தது. வெள்ளம் என்ற வரிக்கு எதிரே வெறும் கோடு. காப்புறுதித் தொகையோ கடன் பாக்கிக்கு மட்டும் சரியாக இருந்தது. வீடு போனால் வங்கியின் காசு வங்கிக்கு வரும். ராத்தாவுக்கு? அவர் அந்தக் கோட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இத ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே புள்ள” என்றார். அடுத்த நாளே போய் வெள்ளத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். மேலதிகமாகக் கட்ட வேண்டி வந்த தொகை அவர் பயந்த அளவுக்கு இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பத்திரம் உறங்கலாம். இன்றைக்கே எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

பாதித் தொகைக்குக் காப்புறுதி செய்தால் பாதி இழப்புதான் கிடைக்கும் என்று தெரியுமா? இது பலரையும் திகைக்க வைக்கும் கணக்கு. வீட்டைத் திரும்பக் கட்ட 1 கோடி ரூபாய் ஆகும் என்று வையுங்கள். கட்டுப்பணத்தைக் குறைக்க 50 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்கிறீர்கள். வெள்ளத்தில் 10 இலட்சம் சேதம். 50 இலட்சத்துக்குள்தானே, முழுதாகக் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைப்பது 5 இலட்சம்! வீட்டின் பாதியைத்தான் நீங்கள் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே எந்தச் சேதத்திலும் பாதிதான் என்பது விதி. இந்தியாவின் புதிய வீட்டுக் காப்புறுதியில் இந்த விதியையே நீக்கிவிட்டார்கள். இங்கே இருக்கிறதா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சீமெந்தும் கம்பியும் 2022க்குப் பிறகு என்ன விலைக்குப் போயின என்று எல்லோருக்கும் தெரியும். பத்து வருடத்துக்கு முந்திய தொகையையே புதுப்பித்துக்கொண்டிருந்தால் உங்களை அறியாமலே பாதிக் காப்புறுதியில் இருக்கிறீர்கள்.

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. காணியின் விலையையும் சேர்த்துக் காப்புறுதி செய்வது. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் ஒரு பேர்ச் காணி விற்கும் விலையில் சில இடங்களில் வீடே கட்டலாம். ஆனால் காப்புறுதி கட்டிடத்துக்குத்தான். திரும்பக் கட்டும் செலவை ஒரு நல்ல மேசனிடமோ பொறியியலாளரிடமோ கேட்டு அதை மட்டும் எழுதுங்கள். மதிலும் கிணறும் பல ஒப்பந்தங்களில் தனியே எழுதினால்தான் சேரும். வெள்ளத்தில் முதலில் சரிவது மதில்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது வெள்ளமா? இல்லை! இதுவும் தெரிந்திருக்க வேண்டும். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டதைச் சுற்றிய வருடங்களில் அதன் வடக்கே ஒலுவில், நிந்தவூர் பக்கம் கடலரிப்பு எப்படிப் பெருகிற்று என்று பார்த்தோம். மாளிகைக்காட்டில் மையவாடி வரைக்கும் கடல் வந்தது. படிப்படியான கடலரிப்பைப் பொதுவாக எந்த வீட்டுக் காப்புறுதியும் ஏற்காது. சுனாமி அலை “வெள்ளம்” என்ற வரிக்குள் வருமா, நிலநடுக்கம் என்ற வரிக்குள் வருமா என்பதும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். நம் கரையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்து வைக்கவே கூடாது.

காப்புறுதி ஹராமாச்சே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. தகாபுல் என்ற இஸ்லாமியக் கூட்டுறவுக் காப்புறுதியின் முதல் நிறுவனம் 1979இல் சூடானில் தொடங்கியது. 1985இல் ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, இலாப நோக்கக் காப்புறுதியை மறுத்த அதே தீர்மானத்தில் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்புறுதியை ஏற்றது. இலங்கையில் அமானா தகாபுல் 1999இல் தொடங்கியது. உறுப்பினர்கள் தபர்ரு என்ற நன்கொடையாக ஒரு நிதிக்குள் போடுகிறார்கள். இழந்தவருக்கு அதிலிருந்து போகிறது. நிறுவனம் நடத்துவதற்கான கூலியை எடுத்துக்கொள்கிறது. வருட முடிவில் மிஞ்சினால் உறுப்பினர்களுக்குத் திரும்பும் ஏற்பாடும் உண்டு. காரைதீவில் ஒரு குடும்பத்துக்குத் துன்பம் வந்தால் கோயில் வீதியே கூடி அரிசி சேர்க்கிறது. பள்ளிவாசல் வாசலில் துணி விரிக்கிறார்கள். 2004இல் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வீட்டில் ஒருவர் உண்டு உறங்கிய இரவுகள் இந்தக் கரைக்கு உண்டு. தகாபுல் அந்தப் பழக்கத்துக்கு ஒரு கணக்குப் புத்தகம் கொடுத்திருக்கிறது.

நம் கிழக்கின் ஒரு விசேஷம் காப்புறுதியை எப்படிக் கவிழ்க்கும் தெரியுமா? வீடு இங்கே பெண்ணுக்கு! தமிழரோ முஸ்லிமோ, மகள் பிறந்த நாளிலிருந்தே சீதன வீட்டுக்குக் கல் சேர்க்கிறோம். வாப்பா கடலுக்குப் போனதும், உம்மா குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்ததும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கின்றன. கலியாணத்துக்கு முன்னோ பின்னோ உறுதி மகள் பெயருக்கு மாறும். ஆனால் காப்புறுதி எடுக்கப் போகிறவர் மருமகன். பத்திரத்தில் அவர் பெயர், உறுதியில் மனைவியின் பெயர். இழப்பீடு கேட்கும்போது முதல் கேள்வி, “இந்த வீடு போனால் உங்களுக்கு என்ன இழப்பு?” என்பதுதான். சொத்தில் உரித்தோ, அது போனால் இழப்போ உள்ளவர்தான் காப்புறுதி எடுக்க முடியும் என்பது காப்புறுதியின் பொது விதி. கணவன் மனைவி இருவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். உறுதி இன்னும் வாப்பாவின் பெயரிலேயே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அனுமதிப்பத்திரக் காணியில் வீடு கட்டியவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருட வெளிநாட்டு உழைப்பு ஒரு பெயர்ப் பிழையால் காற்றில் போவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

எல்லோரும் வாங்க வேண்டுமா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. கிடுகு மேய்ந்த ஓரறை வீட்டில் அன்றாடம் கூலி வேலைக்குப் போகிறவர் கட்டுப்பணத்துக்காகப் பிள்ளையின் பால்மாவைக் குறைக்கக் கூடாது. அவருக்கு அரசின் திட்டம்தான் கைகொடுக்க வேண்டும். 2016இல் தொடங்கியதைப் போன்ற ஒன்றை நிரந்தரமாக வைத்திருக்கச் சொல்லி நாம் எல்லோரும் குரல் கொடுக்க வேண்டும். கடன் இருக்கிறவர்கள், ஒரே சொத்து அந்த வீடுதான் என்கிறவர்கள், கீழ்த்தளத்தில் கடையோ தையல் இயந்திரங்களோ வைத்திருக்கிறவர்கள், பக்கத்துப் பள்ளக்காணி நிரப்பப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள், இவர்கள் வெள்ளம் வராத வீதியில் இருந்தாலும் வாங்க வேண்டும். வாகனத்தின் முழுக் காப்புறுதியோடு ஒப்பிட்டால், அதே பெறுமதிக்கு வீட்டுக்குக் கட்டும் வீதம் மிகக் குறைவு!

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மாரி தொடங்கும் முன்னே, ஓகஸ்டிலோ செப்டெம்பரிலோ போங்கள். தாழமுக்கம் உருவாகிவிட்டது என்று வானொலி சொன்ன பிறகு எந்தக் கம்பனியும் ஆர்வமாகக் கையெழுத்து வைக்காது. ஒப்பந்தம் எந்தத் திகதியிலிருந்து வெள்ளத்துக்குச் செல்லுபடியாகும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு இழப்பிலும் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், அது எத்தனை வீதம் என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். வெள்ளம் வந்து போனால் நனைந்த மெத்தையையும் ஊறிய கதவையும் மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் வீதியில் எறிந்துவிடாதீர்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். அன்றைக்கே கம்பனிக்கு அறிவியுங்கள், கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்குங்கள்.

படம் எடுப்பதை வெள்ளத்துக்கு முன்பே ஒருமுறை செய்துவிட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போதும். ஒவ்வொரு அறையாக, குளிர்சாதனப் பெட்டி, தையல் இயந்திரம், கூரை, மதில், கிணறு. பிறகு காப்புறுதிப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் காணி உறுதியையும் படம் எடுத்து, கட்டாரிலோ கொழும்பிலோ இருக்கிற மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் அந்தப் பத்திரங்கள் இருக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டுத்தான் முதலில் நனையும்.